ஊரிலிருந்து வந்தவருக்கான கட்டில்

1

எங்கள் வீட்டில் ஒரு கட்டில் இருக்கிறது. கல்யாணமாகி நான் தாராவிக்கு வந்த நாளிலிருந்து நேற்று வரை அதில் நாங்கள் படுத்துத் தூங்கியதில்லை.

ஊரில் பெரிய வீடாகக் கட்டிப் பாதியைப் பூட்டி வைத்திருக்கிற உங்களுக்கு இது விளங்காது. எங்கள் வீடு நாங்கள் நடத்துகிற மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறை. கீழே மில் ஓடும், நடுவில் இரும்பு ஏணி, மேலே நாங்கள். கட்டில் போட்டதுபோக மிஞ்சிய இடத்தில்தான் சமையல், சாப்பாடு, சாமி படம், மகள் அபி படித்து ஆளானது எல்லாம். கட்டில் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு. வேலை தேடி வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், துபாய் விசாவுக்குக் காத்துக் கிடந்தவர்கள் என்று ஆள் மாறி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். நாங்குநேரிப் பக்கம் பம்பாய்க்கு ரயில் ஏறுகிற யார் சட்டைப்பையிலும் எங்கள் முகவரி இருக்கும் என்று என் வீட்டுக்காரர் செல்லையா பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. எரிச்சல் மட்டும் முழுக்க என்னுடையது.

கல்யாணம் முடிந்து வந்த அன்று அந்தக் கட்டிலைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். அதில் அவருடைய பெரியப்பா மகன் மஞ்சள்காமாலையோடு படுத்திருந்தான். நான் தரையில் பாயை விரித்தேன். அவர் கோதுமை மூட்டை ஓரத்தில் சுவரில் சாய்ந்து, காலை மடக்கி, உட்கார்ந்தபடியே தூங்கினார். காலை நீட்டினால் அடுப்பில் இடிக்கும். அப்படியே அது பழக்கமாகிவிட்டது. அவர் தலை சாய்கிற இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது. வெள்ளையடிக்கும்போது அந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு பூச்சு கொடுப்போம். கொஞ்ச நாளில் மறுபடியும் எட்டிப் பார்க்கும்.

போன வாரம் அந்தக் கட்டிலை இழுத்து பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் போட்டோம். அன்றிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

அவருக்கு முதலில் போனது வலது கை. மில்லில் கல்லை நெருக்குகிற திருகாணியை அவரால் இறுக்க முடியவில்லை. மாவு நொய்யாக விழுகிறது என்று வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அப்புறம் ஏணியில் ஏறும்போது கால் நுனி தட்டத் தொடங்கியது. கழுத்து எலும்பு என்றார் ஒரு டாக்டர். சர்க்கரை என்றார் இன்னொருவர். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்புகளில் ஊசி குத்திப் பார்த்துவிட்டு மோட்டார் நியூரான் நோய் என்று பெயர் சொன்னார்கள். தசைகளை ஆட்டுவிக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகுமாம். போனதைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லையாம். எங்கள் தெருவில் விஷயம் பரவியதும் மில் மோட்டார் ரிப்பேர் என்று நினைத்து வயர்மேனைக் கூட்டிக்கொண்டு வந்தார் பக்கத்துக் கடைக்காரர். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்க்கிற டாக்டர் மராட்டிக்காரப் பெண். அபியின் வயதுதான் இருக்கும். கையும் காலும் பலம் குறைவதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், நான் மூச்சைப் பார்க்கிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். இந்த நோயில் மூச்சு இழுக்கிற தசையும் ஒருநாள் களைக்கும். சிலருக்குத் தாமதமாக, சிலருக்கு முன்னாலேயே. யாருக்கு முன்னால் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால் துணைக்கு மிஷின் கொடுத்துத் தயார் பண்ணலாம். கண்டுபிடிக்கத் தவறினால் ஒருநாள் மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் ஓடி, தொண்டையில் குழாய் போடுவதா வேண்டாமா என்பதை அந்த அவசரத்தில் தீர்மானிக்க வேண்டிவரும். அதனால் போகும்போதெல்லாம் அதே கேள்விகளைக் கேட்பாள்.

காலையில் தலைவலி உண்டா? உண்டு, மில் சத்தத்தில் இருக்கிற எவனுக்கும் உண்டு என்றோம். பகலில் தூங்கி வழிகிறாரா? சயானில் ரயிலேறினால் சீட்டில் உட்கார்ந்தும், சீட்டு கிடைக்காவிட்டால் கம்பியில் தொங்கிக்கொண்டும் தூங்குகிற ஊர் இது, இவர் மட்டும் என்ன விதிவிலக்கா என்றேன். மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறதா, எத்தனை தலையணை என்றாள். அப்போதுதான் என் ஹிந்தியை எடுத்துவிட்டேன். தலையணையே கிடையாது, படுப்பதே கிடையாது, உட்கார்ந்துதான் தூங்குவார் என்று கட்டில் கதை முழுவதையும் சொன்னேன். டாக்டர் சட்டென்று பேனாவை எடுத்தாள். எப்போதிலிருந்து என்றாள். கல்யாணமான நாளிலிருந்தே என்றேன். பேனாவை வைத்துவிட்டாள். ஏதோ வழக்கில் ஜெயித்தவள்போல நான் வெளியே வந்தேன்.

மூச்சுப் பரிசோதனை என்று ஒரு குழாயை வாயில் கொடுத்து ஊதச் சொல்வார்கள். 'ஜோர் ஸே, ஜோர் ஸே' என்று, இன்னும் பலமாக ஊதச் சொல்லி நர்ஸ் கைதட்டி உசுப்புவாள். இவருக்கு உதட்டில் பிடிமானம் குறைந்துவிட்டதால் கடைவாயில் காற்று ஒழுகும். ஒரு தடவை வந்த எண் அடுத்த தடவை வராது. போன முறையைவிட நன்றாக இருக்கிறது என்று ஒருநாள் சந்தோஷப்படுவோம், அடுத்த முறை எல்லாம் கவிழ்ந்திருக்கும். எதை நம்புவது என்று டாக்டரே உதட்டைப் பிதுக்கினாள்.

நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். மாவுத் தூசிதான் காரணம் என்று சொல்லித் திரிந்தவர்கள் வாயை அதைச் சொல்லி அடைத்தேன். நுரையீரல் நன்றாக இருந்தால் மூச்சு எப்படிக் குறையும்? அபியைக் கேட்டேன். தான் குடியிருக்கிற நெருளிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். "அரே அம்மா, பம்ப் டீக் ஹை. காத்த உள்ள இழுக்குற மசில் தக் கயா" என்றாள். நுரையீரல் சரியாக இருக்கிறது, காற்றை இழுக்கிற தசை களைத்துவிட்டது என்று நானாகக் கூட்டிப் புரிந்துகொண்டு, தமிழில் சொல்லு என்றேன். இதுதான் தமிழ் என்றாள்.

3

அபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பிள்ளை. மராட்டிப் பையனைக் கட்டிக்கொண்டு நெருளில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இருக்கிறாள். அங்கே வந்துவிடுங்கள் என்று மாதம் தவறாமல் கூப்பிடுகிறாள். அங்கே போனால் ஊர்க்காரர்கள் எங்கே வந்து இறங்குவார்கள் என்று இவர் கேட்பார். அவளுக்குக் கோபம் வரும். யார் அந்த ஊர்க்காரர்கள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஆனதிலிருந்து எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்பாள். அவள் கேட்பது நியாயமா, இவர் சொல்வது நியாயமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தமிழ் எழுத்து தெரியாததால் நான் எழுதுகிற இதை அவளால் படிக்க முடியாது. போனில் வாசித்துக் காட்டினால் பாதி கேட்டுவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்பாள்.

ஊனமுற்றோர் அட்டை வாங்குவதற்கும் அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்று, இன்ஷியல் ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, சரிசெய்து மறுபடி போனோம். கைரேகை வைக்கச் சொன்னார்கள். மாவில் கிடந்து தேய்ந்த விரல், அழுத்தவும் பலம் இல்லை. மிஷின் சிவப்பாகவே எரிந்தது. பலமாக அழுத்துங்கள் என்றார் அங்கிருந்தவர். கை வேலை செய்யவில்லை என்று சான்று வாங்க வந்த இடத்தில் கையை அழுத்தச் சொல்கிறீர்களே என்று நான் கேட்டது என் ஹிந்தியில் அவருக்குப் போய்ச் சேரவில்லை. நாளைக்கு வாருங்கள் என்றார். இவர் சிரிக்க ஆரம்பித்தார். இந்த நோயில் சிரிப்பு ஆரம்பித்தால் சீக்கிரம் நிற்காது, அழுகையும் அப்படித்தான். கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினார்.

4

இந்தக் கோடையில் ஊரிலிருந்து மதினி வந்தாள். இவருடைய அக்கா பேச்சியம்மாள். எழுபதைத் தாண்டியவள், தனியாக ரயிலேறி தாதரில் இறங்கி டாக்ஸிக்காரனிடம் தமிழிலேயே சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். தம்பியைப் பார்த்ததும் ஒப்பாரி வைப்பாள் என்று பயந்திருந்தேன். வைக்கவில்லை. அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வழக்கப்படி கட்டிலைத் தட்டி விரித்து, படுங்கள் மதினி என்றேன். மெத்தை புத்தம் புதிதுபோல் இருக்கும். போன மழைக்கு முன்னால் இவர்தான் பஞ்சு அடிக்கிறவரைத் தெருவிலிருந்து கூப்பிட்டு, மெத்தையைப் பிரித்து அடித்துத் தைக்க வைத்திருந்தார். நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வீண் வேலை என்று நான் முணுமுணுத்தேன். வருகிறவர்களுக்கு இடுப்பு வலிக்கும் என்றார் அப்போது.

மதினி கட்டிலில் உட்காரவில்லை. நோய்க்காரன் சுவரில் சாய்ந்து கிடக்க, நான் மெத்தையில் படுப்பதா என்றாள். இவர், பழக்கம் என்றார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏல, யாருகிட்ட கத சொல்லுத? சின்னப்பிள்ளையில குப்புறப் படுத்துக் கெடப்ப, எழுப்ப முடியாது. எந்திரிச்சு கட்டில்ல படு."

அக்கா சொல்லை அவர் தட்டியது கிடையாது. நானும் அவளும் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்தோம். மல்லாந்து படுத்தார். எங்களைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பினேன். மதினி, "ஏட்டி கனி, இங்க பாரு" என்றாள்.

அவர் வாயைத் திறந்து காற்றைக் கவ்விக்கொண்டிருந்தார். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. நெஞ்சு மேலே எழும்புகிறது, வயிறு உள்ளே போகிறது. மூச்சு இழுத்தால் வயிறு வெளியேதானே வர வேண்டும்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தட்டைப் போட்டுவிட்டு இருவருமாகத் தூக்கி உட்கார்த்தினோம். சுவரில் சாய்ந்ததும் மெல்ல மெல்ல முகத்தில் நிறம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் டீ கேட்டார். மதினி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கறையைப் பார்த்தேன்.

இத்தனை காலம் பழக்கம் என்று நினைத்தது எந்த நாளில் நோயாக மாறியது? முந்தின நாளும் அதே சுவர், அதே சாய்மானம், அதே கறை. யாரால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியும்?

5

டாக்டரிடம் ஓடினோம். நடந்ததைச் சொன்னதும் அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. படுக்க வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று தன்னையேதான் நொந்துகொண்டாள். இந்த முறை வாயில் குழாய் இல்லை. முகத்தை மூடுகிற மாஸ்க் வைத்து உட்கார்ந்தபடி ஊதச் சொன்னாள், அப்புறம் படுக்க வைத்து ஊதச் சொன்னாள். மூக்கில் சின்ன அடைப்பானை வைத்து, பூவை மோந்து பார்ப்பதுபோல் வெடுக்கென்று உறிஞ்சச் சொன்னாள். ரத்தம் எடுத்தார்கள். உட்கார்ந்தபோது பரவாயில்லை என்று சொன்ன மிஷின் படுத்தபோது வெகுவாக இறங்கிக் காட்டியது. காலைத் தலைவலி மில் சத்தம் இல்லையாம். தூக்கத்தில் கெட்ட காற்று வெளியே போகாமல் உள்ளேயே தேங்கியதாம்.

எந்த நாள் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியும் என்றாள். முன்னாலேயே மிஷின் தேவைப்படுகிறவர்களில் இவர் ஒருவர். இப்போதே ஆரம்பித்தால் பழகிக்கொள்வார். மூச்சு முட்டிய பிறகு முகத்தில் மாஸ்க்கைக் கட்டினால் பயத்தில் பிடுங்கி எறிவார்.

இவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் அதேதான். உட்கார்ந்திருந்தால் மூச்சு நன்றாகத்தானே வருகிறது, நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு மிஷின் என்றார். மதினியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். ஊரில் மிஷின் வைத்து வீடு திரும்பியவர்களை அவள் பார்த்ததில்லை. மில்லுக்கு வருகிறவர்களும் மிஷின் என்றாலே கடைசி என்றார்கள். என்னை ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். சுவரில் சாய்ந்து டிவி பார்க்கிறவரைப் பார்த்தால் டாக்டர் பொய் சொல்கிறாள் என்று தோன்றும். அந்த வயிறு உள்ளே போனது நினைவுக்கு வந்தால் அவள் சொல்வதுதான் மெய் என்று தோன்றும். அவர் போய்விடுவாரோ என்று பயந்தேன். வேறு நாசூக்கான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை டீயை ஆற்றி அவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன், உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா என்று. அவருடைய பேச்சு இப்போது துண்டு துண்டாக வரும். இடையில் மூச்சு எடுத்துக்கொள்ள வேண்டும்.

"எனக்கும் தெரியல கனி. ஆளு இல்லாதப்போ... கட்டில் காலியாக் கெடந்துச்சு. ஒருநா படுத்துப் பாத்தேன். முடியல. மெத்த சரியில்லன்னு நெனச்சேன்."

அதற்காகத்தான் பஞ்சு அடித்திருக்கிறார். அடித்துத் தைத்த மெத்தையிலும் படுத்துப் பார்த்திருக்கிறார். அப்புறமும் முடியாமல் போனதும், எனக்குச் சுவர்தான் சரி என்று விட்டுவிட்டார். மூச்சு முட்டுகிறவன் மெத்தையைக் குற்றம் சொல்வானா என்று ஊரில் நீங்கள் கேட்பீர்கள். இத்தனை வருஷமாக நீட்டிப் படுத்துப் பழகாதவனுக்கு, படுத்தால் எப்படி இருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மில்லுல பேரிங் கத்துனப்பொறவா கிரீஸ் வைப்பிய? கத்துறதுக்கு முன்னாலதான வைப்பிய. பொறவு இதுக்கு மட்டும் என்ன?"

அவர் என்னையே பார்த்தார். கீழே கூலிக்கு வைத்த ஆள் மில்லை ஓட்டிக்கொண்டிருந்தான். சத்தத்தில் கொஞ்சம் வித்தியாசம் கேட்டாலும் மோட்டாரை நிறுத்திவிடுகிறவர் அவர். அவருக்குச் சிரிப்பு வந்தது. வழக்கம்போல் நிற்கவில்லை. மதினி முதுகைத் தடவிக்கொடுத்தாள். அடங்கியதும், "கொண்டாரச் சொல்லு" என்றார்.

6

மிஷின் சின்னப் பெட்டிதான். அதிலிருந்து ஒரு நெளிந்த குழாய், நுனியில் மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க், பின்னால் இழுத்துக் கட்டும் பட்டைகள். எங்கள் பக்கம் கரண்ட் போவதும் வருவதும் அதன் இஷ்டம் என்பதால் அபி ஒரு பேட்டரியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். கட்டிலை பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் தள்ளியது அவளும் மருமகனும்தான். அபி முதலில் தன் முகத்தில் மாஸ்க்கை வைத்துக் காட்டினாள். பார் அப்பா, சும்மா காத்துதான் என்றாள். அவள் பேசியதில் துளியும் ஹிந்தி கலக்காத வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் பகலில், உட்கார்ந்தபடி, டிவி பார்த்துக்கொண்டு பழகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மூன்று நாள் படாதபாடு பட்டார். பட்டை அறுக்கிறது என்பார், காற்று கண்ணில் அடிக்கிறது என்பார், மிஷின் தள்ளும் நேரத்தில் இவர் இழுக்க மாட்டார். வேண்டாம் என்று கழற்றச் சொல்வார். கொஞ்சம் கழித்து அவரே கையைக் காட்டுவார். மதினி ஊருக்குப் போகிற டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு, மாஸ்க்கின் ஓரத்தில் புண் வராமல் இருக்கப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று மத்தியானம் மாஸ்க்கைக் கட்டிவிட்டு, படுத்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். சரி என்று கண்ணை மூடித் திறந்தார். மதினியும் நானும் படுக்க வைத்தோம். கால் அடுப்பில் இடிக்கவில்லை. இப்படி அவர் மூச்சு முட்டாமல் முழுசாக நீண்டு கிடந்து நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு உயரமா இந்த மனிதர் என்றிருந்தது. மதினி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் பக்கம் ஆண்பிள்ளை அப்படி அசையாமல் மல்லாந்து கிடந்தால் மனசு வேறெங்கோ போகும். நான் வயிற்றைப் பார்த்தேன். நெஞ்சு எழும்பும்போது வயிறும் சேர்ந்து எழும்பியது. இறங்கும்போது சேர்ந்து இறங்கியது. மிஷின் தூக்குகிறதா, அவரே இழுக்கிறாரா, அதுவும் எனக்குத் தெரியவில்லை. இது எத்தனை நாளைக்கு என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் தூங்கிவிட்டார்.

அந்த நேரத்தில் ஏணியில் காலடி கேட்டது. நடுவயதுக்காரர் ஒருவர் தலையை நீட்டினார். தோளில் பை, கையில் மடித்த காகிதம். செல்லையா அண்ணாச்சி வீடு இதானே என்றார். நாங்குநேரிக்குத் தெற்கே ஏதோ ஊர். மகளுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறதாம், அவளை ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தாராம். ரெண்டு நாள் தங்கிக்கொள்ளலாம், கட்டில்கூடக் கொடுப்பார்கள் என்று ஊரில் சொல்லி அனுப்பினார்களாம். வாங்க என்றேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே கட்டிலையும், மாஸ்க்கையும், உறுமிக்கொண்டிருந்த சின்னப் பெட்டியையும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கட்டிலில் படுத்திருப்பது யார் என்று கேட்டார்.

மதினி என் முகத்தைப் பார்த்தாள்.  

"ஊர்ல இருந்து வந்தவிய" என்றேன். "இப்பதான் படுத்திருக்காவ."

அவர் தலையாட்டிவிட்டுப் பையை இறக்கி வைத்தார். உட்கார இடம் தேடி, அந்தக் கறைக்கு நேராகச் சுவரில் சாய்ந்துகொண்டார்.